கூடிப் படித்தால் அறிவியல் ஏறுமா?

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "அறிவியல் பாடவேளையில் வாத்தியார் மட்டுமே பேசினால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது, மீதி பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போதுதான் நடக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய. திட்டியவர்கள் பாதி, சந்தேகம் கேட்டவர்கள் பாதி. ஒருத்தர் மட்டும் தன் வீட்டு முருங்கைமரக் கம்பளிப்பூச்சிக்கு மருந்து கேட்டிருக்கிறார், அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றபடி இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்ட தம்பி அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள். இந்த வருஷம் அவளுடைய அறிவியல் மிஸ், மெல்லக் கற்கும் பிள்ளைகள் நாலு பேரை அவளோடு உட்கார வைத்து "நீ சொல்லிக்கொடு" என்று விட்டுவிட்டார். பொதுத்தேர்வு வருஷம் சார். சம்பளம் வாங்குகிறவர் செய்யவேண்டிய வேலையை என் பிள்ளை தலையில் கட்டுவது என்ன நியாயம்?
(ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உங்கள் கோபம் பாதி நியாயம் அம்மா. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத்தான் லாபம் அதிகம் என்பது வாத்தியார்கள் சமாதானத்துக்குச் சொல்கிற பேச்சு இல்லை. கலிஃபோர்னியாவில் நோரீன் வெப் என்று ஒரு ஆய்வாளர், 1980-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களைக் கவனித்து, யார் யாரிடம் என்ன பேசினார்கள், பிறகு தேர்வில் யார் எப்படி எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரும்பாலும் கணக்கு வகுப்புகள்தான், ஆனாலும் நமக்குப் பொருந்தும். "ஏன், எப்படி" என்று விளக்கமாகச் சொன்ன பிள்ளைகள் முன்னேறினார்கள். "விடை 12, எழுதிக்கோ" என்று வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஆக உங்கள் மகள் அந்த நாலு பேரிடம் என்ன பேசுகிறாள் என்பதுதான் கேள்வி. தன் நோட்டைக் கொடுத்துக் காப்பி அடிக்கச் சொல்கிறாளா, இல்லை வாயைத் திறந்து விளக்குகிறாளா?

நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். உலை வைத்திருக்கும்போது மகளைக் கூப்பிட்டு, "தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அடுப்பை எவ்வளவு பெருசா வெச்சாலும் சூடு 100 டிகிரிக்கு மேல ஏறாதுன்னு படிச்சியே, அப்ப நான் எரிக்கிற கேஸெல்லாம் எங்கடி போகுது?" என்று கேளுங்கள். "உள்ளுறை வெப்பம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்ப்பாள். விடாதீர்கள். "எனக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது, எனக்குப் புரியற மாதிரி சொல்லு." இப்போது திணறுவாள். தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிடியை விடுவித்து ஆவியாக வெளியே அனுப்பவே அவ்வளவு வெப்பமும் செலவாகிவிடுகிறது, அதனால்தான் சூடு ஏறவில்லை என்று சுற்றிவளைத்து வந்து சேர்வாள். வந்ததும், "அப்ப குக்கர்ல மட்டும் எப்படிச் சீக்கிரம் வேகுது?" என்று அடுத்ததைப் போடுங்கள். மூடிக்குள் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலையே ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போய்விடுகிறது என்பதை உங்களுக்கு விளங்கும்படி சொல்லிவிட்டால், அந்தப் பாடத்தைக் கைடு பார்த்து அவள் இனிமேல் படிக்கவேண்டியதில்லை. அந்த நாலு பேர் அவளிடம் செய்துகொண்டிருக்கவேண்டிய வேலை இதுதான். தெரியாது என்று சொல்லி அவளை விளக்க வைப்பது.

நியாயமான பாதிக்கு வருகிறேன். எல்லாப் பாடவேளையும் இப்படியே போனால், தன்னைவிட நன்றாக யோசிக்கிறவர்களோடு உட்கார்ந்து வாதாட அவளுக்கு வாய்ப்பே கிடைக்காவிட்டால், அந்த நாலு பேரும் மார்க் எடுக்கவில்லை என்று கடைசியில் அவளையே குறை சொன்னால், அது தப்பு. மிஸ்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்லவேண்டாம். "வாரத்தில் இரண்டு நாள் இப்படி, மற்ற நாள் வேற மாதிரி உட்கார வைக்கலாமா மேடம்" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: என் வகுப்பில் 45 பேர். குழுவாகப் பிரித்தால் ஐந்தே நிமிஷத்தில் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "கிளாஸ்ல டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்கிறார். சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு போர்ஷனை முடிப்பதே பெரும்பாடு. பேச விடுங்கள், பேச விடுங்கள் என்று எழுதுவது சுலபம் சார்.
(அறிவியல் ஆசிரியை, பாகூர், புதுச்சேரி)

பதில்: எழுதுவது சுலபம்தான் மேடம், ஒத்துக்கொள்கிறேன். நானும் முதலில் ஆறாறு பேராகப் பிரித்து, ஒரு சார்ட் பேப்பரைக் கொடுத்து, "எல்லோரும் சேர்ந்து செய்யுங்க" என்று சொல்லிக் கெட்டவன். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தன் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போடுவான், மிச்சம் நாலு பேரும் நேற்று ராத்திரி மேட்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி, செய்ய வேலை இல்லாத பிள்ளைகளின் சத்தம். திருப்பாதிரிப்புலியூர்த் தேரை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள், வடத்தைத் தொட்டுக்கொண்டே நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று! பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு இதை அளந்தே பார்த்துவிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கிற விசை குறைந்துகொண்டே போனது. அவருடைய கணக்கு அச்சில் வந்தது 1913-ல்.

அதனால் முதலில் குழுவை மறந்துவிடுங்கள். பெஞ்சை நகர்த்தவேண்டாம். பக்கத்தில் இருப்பவர் போதும். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் இப்படித்தான் செய்ய ஆரம்பித்தார். கஷ்டமான கணக்கெல்லாம் போடுகிற மாணவர்கள், சாதாரண வார்த்தையில் கேட்ட எளிய கேள்விகளில் சறுக்கியதைப் பார்த்து அவருக்கு அதிர்ச்சி. ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். நம் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அது விளங்கிய நாளைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு, மின்னோட்டவியல். இரண்டு டார்ச் பல்பு, தொடரிணைப்பு (ஒன்றன்பின் ஒன்றாக), பேட்டரி. கேள்வி ஒன்றே ஒன்று. முதல் பல்புக்கு முன்னால், இரண்டு பல்புக்கும் நடுவில், இரண்டாவது பல்புக்குப் பின்னால், இந்த மூன்று இடத்தில் மின்னோட்டம் எங்கே அதிகம்? பேசாமல் ஆளுக்கொரு விடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவேண்டும். எழுதியதும் கை தூக்கச் சொன்னேன். "முதல் பல்புக்கு முன்னால்" என்றபோது வகுப்பே கை தூக்கியது மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம்தான் "தொடரிணைப்பில் மின்னோட்டம் மாறாது" என்று எழுதி எல்லோரும் ஒரு மார்க் வாங்கியிருந்தார்கள்.

சரி, பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடைக்குக் காரணம் சொல், மூன்று நிமிஷம் என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறவன், பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம், "தலைமடைல தண்ணி நிறைய வரும், கடைமடைக்குப் போகப் போகக் கொறைஞ்சிடும்ல, அது மாதிரிதான்" என்றான். எனக்கே தோன்றாத உவமை. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "வாய்க்கால்ல வழியில இருக்கிற வயலெல்லாம் குடிச்சிடுது, அதனால கொறையுது. இந்தக் கம்பியில நடுவுல யார்றா குடிக்கிறா?" "பல்புதான்." "பல்பு குடிச்சா அதெல்லாம் எங்கடா தேங்கும்? பல்பு ரொம்பிடாதா?" பையனிடம் பதில் இல்லை. அழித்துவிட்டு வேறு விடை எழுதினான்.

மறுபடி கை தூக்கச் சொன்னபோது வகுப்பு பாதிக்குப் பாதி பிரிந்திருந்தது. அப்புறம்தான் மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டரை எடுத்தேன். மூன்று இடத்திலும் மாற்றி மாற்றி இணைத்தோம், முள் ஒரே கோட்டில் வந்து நின்றது. உடனே அதே பையன், "அப்ப செலவாகறது என்ன சார்?" என்றான். அடடா! மின்னூட்டம் அப்படியே சுற்றித் திரும்பிப் போகிறது, அது கொண்டுவருகிற ஆற்றலைத்தான் பல்பு வெளிச்சமாகவும் சூடாகவும் இறக்கிக்கொள்கிறது என்று நான் பல வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். ஒரு பிள்ளையும் அந்தக் கேள்வியை என்னிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

இதில் உங்களுக்குச் செலவு பத்து நிமிஷம். தினமும் வேண்டாம், ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி போதும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை எழுதியே ஆகவேண்டும், அது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். கேள்வியும் சரியாக விழவேண்டும். மசூர் சொல்கிற அளவு, முதல் சுற்றில் 30 முதல் 70 சதவீதம் வரை சரியாகச் சொன்னால் பேச விடலாம் என்பது. அதற்குக் கீழே போனால் இன்னும் கொஞ்சம் பாடம் நடத்திவிட்டு வரவேண்டும், மேலே போனால் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அன்றைக்கு நான் அந்தக் கணக்குப்படி பார்த்தால் பேச விட்டிருக்கவே கூடாது, ஏதோ அந்தப் பென்சில் கடித்த பெண்ணால் தப்பித்தேன்.

நிறையத் தகவல் உள்ள பாடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் பிள்ளைகளை முதல்முதலாகச் சேர்த்து உட்கார வைத்தபோது ஒரே அடிதடி. எலியட் அரான்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார். ஒருத்தர் துண்டு இல்லாமல் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. இதை நீங்கள் தாவர ஹார்மோன்களுக்குச் செய்து பாருங்கள். ஆக்சின், ஜிப்பெரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலின். ஐந்து ஹார்மோன், 45 பிள்ளைகள், ஐந்தைந்து பேராக ஒன்பது குழு. அச்சு வார்த்தது மாதிரி இல்லை? குழுவில் ஆளுக்கொரு ஹார்மோன். முதலில் ஒரே ஹார்மோன்காரர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றாகப் படிக்கவேண்டும் (ஒன்பது பேர் அதிகம், நாலும் ஐந்துமாகப் பிரித்துவிடுங்கள்), அப்புறம் தங்கள் குழுவுக்குத் திரும்பிப் போய் மற்ற நாலு பேருக்கும் சொல்லவேண்டும். உங்கள் ஊர் நெல் விளைகிற ஊர். ஜப்பானில் நெற்பயிர் கன்னாபின்னாவென்று நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துபோன நோயைக் குடைந்துதான் ஜிப்பெரெல்லின் கதையே 1926-ல் தொடங்கியது என்று விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் போய்த் தாத்தாவிடமே கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். எத்திலின் காயைப் பழுக்க வைப்பதைக் காட்ட ஒரு காய் வாழைச்சீப்பும் பழுத்த பழம் ஒன்றும் ஒரு பையும் போதும்.

முடிவில் தேர்வு ஐந்து ஹார்மோனிலும், எல்லோருக்கும், தனித்தனியாக. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் எத்திலின்காரனுக்கு எத்திலின் மட்டும்தான் தெரிந்திருக்கும். ராபர்ட் ஸ்லேவின் போன்றவர்கள் பல வருஷம் ஆராய்ந்து திரும்பத் திரும்பச் சொன்னதும் அதையே: குழுவுக்கு ஒரு பொது நோக்கம் இருக்கவேண்டும், அது ஒவ்வொரு பிள்ளையும் தனியாக என்ன கற்றது என்பதைப் பொறுத்து இருக்கவேண்டும்.

தலைமையாசிரியரை ஜன்னலில் நிற்க விடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பிள்ளைகள் பேசுவதைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, குரூப், டிஸ்கஷன் இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி. எங்கள் காலத்தில் வாத்தியார் சொன்னார், நாங்கள் கேட்டோம், கெட்டா போய்விட்டோம்?
(ஓய்வுபெற்ற எழுத்தர், கடலூர் முதுநகர்)

பதில்: இறக்குமதி இல்லை ஐயா, ஏற்றுமதி! நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தாரே, வாத்தியார் வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டு? ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை 1789 முதல் கவனித்துக்கொண்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, பெரிய பையன்களை விட்டுச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதை எழுதி வெளியிட, இங்கிலாந்து முழுக்க "மெட்ராஸ் முறை" என்றே பரவியது. அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஆனால் ஒன்று. சட்டாம்பிள்ளை செய்தது ஒப்பிக்க வைப்பது. வாய்ப்பாட்டுக்கு அது சரி. "ஈரெட்டு பதினாறு" என்பதில் வாதாட என்ன இருக்கிறது? மிதக்கிற கப்பலும் மூழ்குகிற ஆணியும் இரும்புதானே என்று ஒரு பிள்ளை கேட்டால் சட்டாம்பிள்ளையிடம் பிரம்பு மட்டும்தான் இருக்கும். இன்றைக்கும் பல வகுப்பில் "குரூப் லீடர்" என்ற பெயரில் அந்தச் சட்டாம்பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறார். படைப்பாற்றல் கல்வி என்ற முறை பள்ளிகளுக்கு வந்தபோது, பாடத்தைக் கிளைகிளையாக வரைந்து காட்டுகிற மனவரைபடத்தைக் குழுவாகப் போடச் சொன்னோம். நல்ல யோசனை. நான் பார்த்த பல குழுக்களில் லீடர் கைடைப் பார்த்து வரைந்தார், மற்றவர்கள் லீடரைப் பார்த்து வரைந்தார்கள்.

கெட்டா போய்விட்டோம் என்று கேட்டீர்கள். இல்லைதான். ஆனால் உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எஸ்எஸ்எல்சி தாண்டினார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்களோடு உட்கார வைக்கலாமா, மார்க் பார்த்துப் பிரிக்கலாமா? எத்தனை பேர் இருக்கலாம்?
(பட்டதாரி ஆசிரியர், பண்ருட்டி)

பதில்: மூன்று அல்லது நாலு. ஹார்மோன் பாடம் மாதிரி ஆளுக்கொரு தனி வேலை இல்லாவிட்டால் ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். மார்க் கலந்து பிரியுங்கள், ஆனால் முதல் மார்க்கையும் கடைசி மார்க்கையும் மட்டும் கோத்துவிடாதீர்கள், இடையில் ஒரு நடுத்தரப் பிள்ளை இருக்கட்டும். ஆயிரம் சொன்னாலும், கூச்சப்படுகிற பிள்ளைக்குக் குழுவில் ஒரு சிநேகிதமாவது வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க வாயைத் திறக்காது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. லேப்ல ஆறு பேர் ஒரு குரூப். பசங்கதான் எப்பவும் கருவியைத் தொடுவாங்க. என் கையெழுத்து நல்லா இருக்குன்னு என்னையே ரீடிங் எழுதச் சொல்றாங்க. இதுவரைக்கும் நான் சின்ன நீளம் அளக்கிற வெர்னியரைக் கையில பிடிச்சதே இல்ல சார். கேட்டா சண்டை வருது.
(மாணவி, நெல்லிக்குப்பம் அருகில்)

பதில்: கண்ணு, உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் அப்படிப்பட்ட வாத்தியாராகத்தான் ரொம்ப நாள் இருந்தேன். "பொண்ணுங்க நீட்டா எழுதுங்க, பசங்க ஸ்டாண்டைப் பிடிங்க" என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானாகவும் யோசிக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் கோஹன் என்று ஒரு பேராசிரியை இதையேதான் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். குழுவில் அதிகம் பேசுகிற, அதிகம் தொடுகிற பிள்ளைதான் அதிகம் கற்கிறது. யார் அதிகம் பேசுவது என்பதோ, யாருக்கு அதிகம் தெரியும் என்பதைப் பொறுத்து அமைவதில்லை. யாருக்கு வகுப்பில் மதிப்பு என்று எல்லோரும் நினைத்து வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்து அமைகிறது. பசங்களிடம் ஒரு செய்தி சொல். 2015-ல் பீசா என்கிற உலகத் தேர்வில் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் கூடிச் சேர்ந்து சிக்கலைத் தீர்க்கிற திறனைச் சோதித்தார்கள். அதை எழுதிய அத்தனை நாட்டிலும் பெண் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். இந்தியா அந்த வருஷம் அதில் கலந்துகொள்ளவில்லை என்பதை அவர்களிடம் சொல்லவேண்டாம்.

இப்போது உடனே செய்யவேண்டியது. "நான் எழுதமாட்டேன்" என்று சொல்லாதே, சண்டை வரும். "ரீடிங் ஒவ்வொண்ணுக்கும் ஆள் மாத்திக்கலாம்" என்று சொல். முதல் அளவீடு நீ எடுக்க அவன் எழுதட்டும், அடுத்தது அவன் எடுக்க நீ எழுது. இரண்டு பேருக்கும் அளவு வித்தியாசமாக வந்தால் இன்னும் நல்லது, யார் பார்த்தது தப்பு என்று பேசுவீர்கள், சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி சுழியில் நிற்காத பிழை) என்றால் என்ன என்று அப்போதுதான் உறைக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. சார், நீங்கள் இதைப் படித்தால்: அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண். அன்றைக்குக் கருவியை அந்தப் பிள்ளையே தனியாகப் பிடித்தாகவேண்டும், பக்கத்தில் அந்தப் பசங்க வந்து நிற்கமாட்டார்கள். ஆறு பேர் குழுவை மூன்று மூன்றாக உடைத்துவிடுங்கள். கருவி போதாவிட்டால் ஒரு பாதி அளக்கும்போது இன்னொரு பாதி கணக்கீடு செய்யட்டும்.

கேள்வி: பையன் குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டுத் தினமும் நண்பன் வீட்டு மாடிக்குப் போகிறான். நம்பலாமா?
(தந்தை, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நம்புங்கள், ஆனால் திரும்பி வரும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "இன்னைக்கு உங்க எல்லாருக்கும் சேர்ந்து புரியாத விஷயம் என்னடா?" ஏதாவது ஒன்றைச் சொன்னால் படித்திருக்கிறார்கள். "எல்லாமே புரிஞ்சிடுச்சுப்பா" என்றால் மாடியில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருத்தன் எழுதிய ஹோம்வொர்க்கைப் படம் பிடித்துப் போட மற்றவர்கள் பார்த்து எழுதுவதற்கும் குரூப் ஸ்டடி என்று இந்தக் காலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்குப் போன பள்ளியில் பார்த்தது: நாலு பிள்ளைகள் பேசி, நாலு பேரும் சேர்ந்தே தப்பான முடிவுக்கு வந்தார்கள். தப்பை இன்னும் உறுதியாக நம்ப வைக்கத்தானே இது உதவுகிறது?
(பயிற்சி ஆசிரியை, வில்லியனூர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உன்னுடையதுதான் அம்மா. பயப்படவேண்டியது வாதாடுகிற குழுவுக்கு இல்லை, அரை நிமிஷத்தில் ஒத்துப்போகிற குழுவுக்குத்தான்.

ஒருத்தருக்குமே விடை தெரியாவிட்டாலும் பேசிப் பேசிச் சரியான விடைக்கு வரமுடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, மாணவர்களைப் பேச வைத்து, அப்புறம் அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாக எழுத வைத்தார்கள். முதலில் குழுவில் யாருக்குமே சரியாகத் தெரியாத இடங்களில்கூட, பிறகு தனியாக எழுதியபோது தேறியிருந்தார்கள். 2009-ல் சயன்ஸ் இதழில் வந்தது. கல்லூரி மாணவர்கள் என்பதை மறக்கவேண்டாம், நம் ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒத்துப்போன குழுவின் நடுவில் ஒரு கல்லைத் தூக்கிப் போட வாத்தியார் வேண்டும். கல் என்றால் விடை இல்லை, அவர்கள் சொன்னதோடு ஒட்டாத ஒரு தகவல்.

எனக்கு நடந்தது. வெயில் காலம் ஏன் வருகிறது என்று கேட்டேன். நாலு பேர் குழு ஒன்று, பூமி சூரியனுக்குக் கிட்டப் போகும்போது வெயில் காலம், தள்ளிப் போகும்போது குளிர் காலம் என்று நொடியில் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தப்பு என்று நான் சொல்லவில்லை. பலகையில் இரண்டு வரி எழுதினேன். ஜனவரி முதல் வாரம், சூரியனுக்கும் பூமிக்கும் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரம், ஏறத்தாழ 15 கோடியே 20 லட்சம். எழுதிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண், "ஜனவரின்னா மார்கழி கடைசிடி, கோலம் போடும்போது பல்லு கிட்டிக்குது, அப்பவா சூரியன் பக்கத்துல இருக்கு?" என்றாள். சார் மாற்றி எழுதிவிட்டார் என்று ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், அவன் கிரிக்கெட் பைத்தியம், "டேய், பாக்சிங் டே மேட்ச் டிசம்பர்லதானே, மெல்போர்ன்ல அவ்ளோ பேரும் தொப்பி போட்டுக்கிட்டு வெயில்ல வெந்துட்டு இருப்பானுங்களே?" என்றான். ஒரே நாளில் இங்கே பனி, அங்கே வெயில் என்றால் தூரம் காரணமாக இருக்கமுடியாதே என்று நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அலமாரி மேலிருந்த குளோபை அவர்களே எடுத்துவந்தார்கள். ஒருத்தன் செல்போன் டார்ச்சுக்கு என்னிடம் கை நீட்டினான், கொடுத்தேன். அந்தப் பெண் ஆஸ்திரேலியா மேல் விரலை வைத்துக்கொண்டு குளோபைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், திடீரென்று, "இந்தக் கம்பியை ஏன் சார் கோணலா குத்தி வெச்சிருக்காங்க, செஞ்சவங்க சரியா செய்யலையா?" என்றாள். அதற்குள் மணி அடித்துத் தமிழ் ஐயா வாசலில் வந்து நின்றுவிட்டார். ரெண்டு நிமிஷம் ஐயா என்று நான் கெஞ்சவேண்டியதாகிவிட்டது.